கருஞ்சீரகமும் மூளை அழற்சியும்: ஆய்வுகள் சொல்வது என்ன?

மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் கருஞ்சீரகத்தில் நிவாரணம் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. இதை வைத்து, அல்சைமர் எனும் மறதி நோய்க்கும் பார்க்கின்சன் எனும் நடுக்குவாதத்துக்கும் கருஞ்சீரக எண்ணெயே போதும், மாத்திரை தேவையில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இது சரியா?

மூளையின் காவலர்கள்

மூளையில் நோய் எதிர்ப்பு வேலையைச் செய்பவை மைக்ரோகிளியா என்னும் செல்கள். ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ தெல் ரியோ ஓர்த்தேகா 1919-இல் இவற்றைத் தனி வகைச் செல்களாக அடையாளம் காட்டினார். கிருமிகளையும் சிதைந்த செல்களையும் இவை விழுங்கி அகற்றும். ஆனால் இவற்றின் கொந்தளிப்பு அடங்காமல் நீடித்தால், இவை வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடும் அழற்சிப் புரதங்களும் அருகிலுள்ள நரம்புச் செல்களையே தாக்கத் தொடங்கும். அல்சைமர், பார்க்கின்சன் நோய்களில் இத்தகைய நீடித்த அழற்சி காணப்படுகிறது.

கருஞ்சீரகம் என்ன செய்கிறது?

கருஞ்சீரக எண்ணெயிலுள்ள முக்கிய வேதிப்பொருள் தைமோகுயினோன். ஆய்வுக்கூடத்தில் மைக்ரோகிளியா செல்களைப் பாக்டீரியா நச்சால் தூண்டிவிட்டு, தைமோகுயினோனைச் சேர்த்துப் பார்த்தார்கள். அழற்சிப் பொருள்கள் சுரப்பது குறைந்தது. எலிகளிடம் நடந்த சோதனைகளிலும் நல்ல அறிகுறிகள் தெரிந்தன.

ஆனால் செல்களிலும் எலிகளிலும் பலித்ததெல்லாம் மனிதரிடம் பலிப்பதில்லை. மஞ்சளிலுள்ள குர்குமினும் ஆய்வுக்கூடத்தில் அழற்சியைத் தணித்தது. ஆனால் அது குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. அல்சைமர் நோயாளிகளுக்கு 24 வாரம் குர்குமின் கொடுத்துப் பார்த்து 2012-இல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை. ஜிங்கோ இலைச் சாற்றை அமெரிக்காவில் 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் சுமார் ஆறு ஆண்டுகள் சோதித்தார்கள். அது மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008-இல் முடிவு வந்தது. கருஞ்சீரகத்துக்கோ இவ்வளவு பெரிய மனித ஆய்வு இன்னும் நடக்கவில்லை.

ஹதீஸுக்கு இது முரணா?

இல்லை. 'எல்லா நோய்' என்பது பொதுவான சொல்லாக இருந்தாலும் குறிப்பிட்ட வகை நோய்களையே கருதுகிறது என்று இமாம் கத்தாபி போன்ற விளக்கவுரையாளர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதியுள்ளனர். மருத்துவம் செய்துகொள்ளும்படி ஏவியவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தான்.

கவனிக்க வேண்டியவை

• உணவில் சேர்க்கும் அளவு கருஞ்சீரகம் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாது. எண்ணெயாகவோ கேப்சூலாகவோ தினமும் எடுப்பது வேறு விஷயம்.
• இது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கக்கூடும். அவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.
• பார்க்கின்சன் மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

வீட்டுப் பெரியவருக்குக் கருஞ்சீரகம் கொடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நிவாரணம் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே.