ஒரு கிலோமீட்டர், மூணு கிலோமீட்டர்

1954ல் காமராஜர் முதலமைச்சரான பிறகுதான் பல குக்கிராமங்களுக்குப் பள்ளிக்கூடம் வந்துச்சு. பிள்ளை நடந்து போற தூரத்தில் பள்ளி இருக்கணும்ங்கறது அன்னைக்குப் பேச்சு. 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தோட விதிகள் அதை அளந்தே எழுதிருச்சு. 5ஆம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ள, 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டருக்குள்ள. வளர்ந்த பிள்ளை கூடுதலா நடக்கும்னு கணக்கு.

கணக்கு சரிதாங்க. ஆனா பிள்ளைங்க குறைஞ்சு போச்சுன்னு ஒரு பள்ளியைப் பக்கத்து ஊரோட சேர்க்கும்போது பாருங்க. 5ஆம் வகுப்புப் பையன் கூட்டாளிகளோட ஓடிப் போயிருவான், அவனுக்கு மிச்சம் ஒரு வருஷம். 1ஆம் வகுப்புப் பிள்ளையை அவங்க அம்மா களையெடுப்பை விட்டுட்டுக் கூட்டிட்டுப் போகணும். வாய்க்கால்ல தண்ணி விட்டா பாலம் வரைக்கும் சுத்து வேற. நாலு நாள் கூலி போனா அஞ்சாம் நாள் தனியார் பள்ளி வேன்தான். அப்புறம் அந்தப் பக்கத்து ஊர்ப் பள்ளியிலும் பிள்ளைங்க குறையும்.

பொம்பளைப் பிள்ளைக்கு 6ஆம் வகுப்புதான் கண்டம். வயசுக்கு வர்ற காலமும் ஊர் தாண்டிப் போற காலமும் ஒண்ணா வருது. அரசாங்கம் சைக்கிள் தருதேம்பீங்க. அது கைக்கு வர்றது 11ஆம் வகுப்புல. இடையில இருக்கிற அஞ்சு வருஷத்துக்கு பஸ் பாஸ் உண்டு. மணியடிக்கிற நேரத்துக்கு பஸ்ஸும் வரணுமே.