பெட்டி வந்தாச்சா?

"பெட்டி வந்தாச்சா?" எங்க ஊர்ல ஒரு காலத்துல இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். சாயங்கால பஸ்ஸின் கூரையில் தகரப் பெட்டி வந்து இறங்கினாத்தான் ராத்திரி புதுப்படம். இல்லைன்னா ஓடின படமே இன்னொரு நாள் ஓடும்.

அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருந்தது? 35 எம்.எம். ஃபிலிம் சுருள். ஆயிரம் அடி ரீல் ஒண்ணு சுமார் 11 நிமிஷம் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 14 ரீல். பிரிண்ட் போடுற செலவு அதிகம்கிறதால சில பிரிண்டுகளைத்தான் போட்டு, ஊர் ஊரா சுத்த விடுவாங்க. முதலில் 'ஏ' சென்டர், அப்புறம் 'பி', கடைசியா எங்களை மாதிரி 'சி' சென்டர். எங்க கைக்கு வரும்போது பல மாசம் ஆகியிருக்கும்; படம் முழுக்க கோடு விழுந்து மழை பெய்யும். அதையும் விசில் அடிச்சுத்தான் பார்த்தோம், அது வேற விஷயம் :-)

அப்புறம் டெக்கு வந்தது, கேசட் வந்தது. 1993 ஏப்ரல் 14ல் சன் டி.வி. வந்தது. பெட்டி இல்லாமலே படம் வீட்டுக்கு வர ஆரம்பிச்சாச்சு.

கடல் தாண்டிப் போன கதையும் உண்டு. 1995 தீபாவளிக்கு வந்த 'முத்து'வை ஜப்பானிய விமர்சகர் ஜூன் எடோகி 1996ல் சிங்கப்பூரில் பார்த்தார். மனுஷனுக்குப் பிடிச்சுப் போச்சு. 1998ல் அது டோக்கியோ ஷிபுயாவில் திரையிடப்பட்டு 23 வாரம் ஓடியது. இதுல கவனிக்க வேண்டியது, அந்தப் பயணம் ஒரு தனி மனிதர் கண்ணில் தற்செயலாப் பட்டதில் தொடங்கியது என்பதுதான்.

பதிமூணு வருஷம் தள்ளி வாங்க. 2011 நவம்பர் 16. 'ஒய் திஸ் கொலவெறி டி' யூடியூபில் அதிகாரப்பூர்வமா வெளியாகுது. ஏற்கெனவே ஒரு அரைகுறை வடிவம் கசிஞ்சுட்டதால, அவசரமா வெளியிட வேண்டிய நிலை. அனிருத்துக்கு அது முதல் படம். வீடியோவில் செட்டு இல்லை, டான்ஸ் இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் தனுஷ் பாடுறார், அவ்வளவுதான். தமிழே தெரியாத ஊர்ல எல்லாம் ஃபேஸ்புக், ட்விட்டர் வழியா அது பரவிச்சு. இந்த முறை எடோகி தேவைப்படலை. பகிர்ந்த ஒவ்வொருத்தரும் ஒரு சின்ன விநியோகஸ்தர்!

ஆனா '3' படம் 2012 மார்ச்சில் வந்தப்போ பாட்டு அளவுக்கு எடுபடலை. இருந்தாலும் தொழில் பாடம் கத்துக்கிச்சு. படத்துக்கு முன்னாடியே ஒவ்வொரு பாட்டா விடுறது, வரிகளை ஓடவிடும் லிரிக் வீடியோ போடுறதுன்னு எல்லாம் சாதாரணமாச்சு. 'மாரி 2'வின் 'ரவுடி பேபி' 2020ல் யூடியூபில் 100 கோடி பார்வையைத் தொட்டது. தேதி? அதே நவம்பர் 16!

எல்லாம் சுமுகமா நடந்துடலை. 2013 தொடக்கத்தில் கமல் 'விஸ்வரூப'த்தை தியேட்டருக்கு முன்பே டி.டி.எச்.சில் காட்ட நினைச்சார். தியேட்டர்காரங்க எதிர்த்து நின்னாங்க, திட்டம் நிறைவேறலை. 2020ல் கொரோனா வந்து தியேட்டரெல்லாம் பூட்டினப்போ, மே 29ல் 'பொன்மகள் வந்தாள்' நேரா அமேசான் பிரைமில் வந்தது. அப்பவும் தியேட்டர்காரங்க குதிச்சாங்க. அவங்க கோபத்திலும் நியாயம் இருக்கு. சோறு போட்ட தொழில் கண்ணெதிரே கை நழுவினா யாருக்குத்தான் வலிக்காது?

எங்க ஊர் கொட்டகை இப்போ கல்யாண மண்டபம். ஆபரேட்டர் அண்ணன், கார்பன் குச்சி வெளிச்சத்துல கண்ணைக் கெடுத்துக்கிட்டவர், போன வருஷம் மகன் வாங்கித் தந்த செல்போன்ல படம் பார்த்துக்கிட்டிருந்தார். "நல்லா இருக்காண்ணே?"ன்னேன். "படம் தெளிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா பாதியில நிறுத்தினா திட்ட ஒருத்தனும் இல்லையே"ன்னார்.

சிரிச்சுட்டேன். வீட்டுக்கு வந்ததும்தான் உறைச்சுது. அன்னிக்கு எங்களுக்கு எந்தப் படம், எப்போன்னு முடிவு பண்ணினவர் விநியோகஸ்தர். அவர் ஆபீஸ் எந்தத் தெருன்னு ஊருக்கே தெரியும். போய் சண்டை போடலாம். இன்னிக்கு என் போன்ல எந்தப் படம் முதலில் தெரியணும்னு ஒரு கணக்குநிரல் முடிவு பண்ணுது. ஒப்பந்தம் முடிஞ்சா படம் சத்தமில்லாம காணாமப் போயிடுது. 'சி' சென்டர்க்காரன் இப்போ முதல் நாளே படம் பார்க்கிறான். அது பெரிய விஷயம், நான் மறுக்கலை. ஆனா யாரைப் போய் "பெட்டி வந்தாச்சா?"ன்னு கேட்கிறது?

உங்க ஊருக்குப் பெட்டி எதுல வரும்? சொல்லுங்க, கேட்போம்.