ஒரு எடிட்டரின் ஜாதகம்

பி.காம். படித்துவிட்டு பேங்கில் சேர்ந்தவனுக்கு டெக்ஸ்ட் எடிட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், நாற்பத்தைந்து வயதில் மதுரைப் பக்கத்துக் கிளையிலிருந்து தூக்கி நவி மும்பையில் ஐ.டி. பிரிவில் போடும்வரை.

முதல் மாதமே நைட் ஷிப்ட். சர்வரில் ஒரு ஃபைலில் ஒரு தேதியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அங்கே இருந்த ஒரே எடிட்டர் விஐ. டைப் அடித்தால் எழுத்து வரவில்லை, இருந்த வரி காணாமல் போனது! வெளியே வரவும் வழி தெரியவில்லை. வேர்த்துக் கொட்டியது. பக்கத்து சீட்டில் கண்ணசந்திருந்த மராத்திப் பையனை எழுப்பினேன். "சார், முதல்ல எஸ்கேப் அமுக்குங்க" என்றான் இந்தியில். பிறகு கோலன், க்யூ, ஆச்சரியக்குறி. சேமிக்காமல் வெளியே வந்தோம். ஃபைல் பிழைத்தது, மானம்தான் போச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை இந்த எடிட்டரின் ஜாதகத்தைத் தோண்டினேன்.

1969-ல் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சன் யுனிக்ஸுக்காக 'எட்' எழுதினார். திரை கிடையாது, டெலிடைப்பில் காகிதத்தில் அச்சாகும். தப்பு செய்தால் வெறும் கேள்விக்குறி போடும், காரணம் சொல்லாத ஆடிட்டர் மாதிரி. லண்டன் குயீன் மேரி காலேஜில் ஜார்ஜ் குலூரிஸ் அதைத் திருத்தி, சாமானியர்களுக்கான எடிட்டர் என்ற பொருளில் 'எம்' என்று பெயர் வைத்தார். 1976-ல் அவர் பெர்க்லி போனபோது அதைப் பார்த்த மாணவர் பில் ஜாய், சக் ஹேலியோடு சேர்ந்து 'எக்ஸ்' செய்தார். எக்ஸின் முழுத்திரை வடிவம்தான் விஐ.

ஜாய் அதை 300 பாட் மோடத்திலும் ஓடும்படி எழுதினார். நொடிக்குச் சுமார் 30 எழுத்து. 80 எழுத்து, 24 வரி என்றால் 1,920. ஒரு திரை நிரம்பவே ஒரு நிமிடத்துக்கு மேல்! அதனால்தான் கமாண்டுகளில் அத்தனை சிக்கனம். 'டி'யை இருமுறை தட்டினால் ஒரு வரி காலி. அன்றைக்கு என் வரி போன மர்மமும் அதுதான். அவர் வைத்திருந்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் ஹெச், ஜே, கே, எல் பட்டன்கள் மேலேயே அம்புக்குறி இருந்தது. எஸ்கேப் பட்டன் இன்றைய டேப் இருக்கும் இடத்தில், விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. படித்ததும் கோபம் போய்விட்டது. இது திமிர் பிடித்த எடிட்டர் இல்லை, வறுமையில் வளர்ந்த எடிட்டர். சிக்கனம் காமர்ஸ்காரனுக்குப் புரியாதா?

ஆபீஸ் பசங்களுக்கு விஎஸ் கோட். 1976-ல் எம்ஐடியில் பிறந்த ஈமேக்ஸுக்கும் தனி பக்தர்கள் உண்டு. நான் எடுத்துக்கொண்டது விம். டச்சுக்காரர் பிராம் மோலேனார் அமிகா கம்ப்யூட்டரில் எழுதி 1991-ல் வெளியிட்டது. காசு கேட்கவில்லை. உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று முதல் திரையில் ஒரு வரி வைத்தார். 2023 ஆகஸ்டில் காலமானார்.

மூன்று மாதமாக தினம் அரை மணி நேரம் பழகுகிறேன். வேகம் இன்னும் வரவில்லை. ஆனால் நைட் ஷிப்டில் அந்தப் பையனை எழுப்புவதில்லை.