தேனாம்பேட்டை மைதானம் – 7: ஒரு வருஷ மேயர்

காமராஜரின் குருநாதர் தீரர் சத்தியமூர்த்திக்கு 1937-இல் மந்திரி பதவி கிடைக்கவில்லை என்ற இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். தேனாம்பேட்டை காங்கிரஸ் மைதானத்தின் கதைக்குள் இவர் எதற்கு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். குருவை விட்டுவிட்டுச் சீடரின் கதையைச் சொல்ல முடியாது.

பல்கலைக்கழகத் தொகுதியை ராஜாஜிக்காக விட்டுக்கொடுத்தவர் சத்தியமூர்த்தி. ராஜாஜி மந்திரிசபை அமைத்தபோது பட்டியலில் அவர் பெயர் இல்லை. ராஜாஜி–காமராஜர் பிணக்குக்கு வேர் தேடுகிறவர்கள் இங்கேதான் வந்து நிற்பார்கள்.

அதனால் அவர் வீட்டில் முடங்கிவிடவில்லை. 1934 தேர்தலிலேயே சென்னையில் ஏ. ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து மத்திய சட்டசபைக்குப் போயிருந்தார். அங்கே காங்கிரஸ் கட்சிக்குப் பூலாபாய் தேசாய் தலைவர், இவர் துணைத் தலைவர். ஒரு கேள்விக்குப் பதில் வந்தால் அதிலிருந்தே அடுத்த கேள்வியைக் கிளப்பி, வெள்ளைக்கார அதிகாரிகளைத் திணற அடிப்பார்.

1939 அக்டோபர் கடைசியில் காட்சி மாறியது. இந்தியாவைக் கேட்காமலே யுத்தத்தில் இழுத்துவிட்டதைக் கண்டித்து ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது. மறு மாதமே ரிப்பன் மாளிகையில் சத்தியமூர்த்தி மேயர். பதவிக்காலம் ஒரே வருஷம். சென்னையோ தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது.

அன்றைய ஏற்பாடு இதுதான். கொசஸ்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் மறித்துச் சோழவரத்துக்குத் திருப்புவார்கள். அங்கிருந்து செங்குன்றம் ஏரி, பிறகு கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம், கடைசியில் வீட்டுக் குழாய். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு புரண்டு வரும்போது பெரும்பங்கு எண்ணூரில் கடலோடு போய்விடும். சித்திரையில் குழாயடியில் குடங்கள் வரிசை கட்டும். தேனாம்பேட்டைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இன்றைக்கும் லாரி ஹாரன் கேட்டால் குடத்தோடு ஓடுகிறவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

ஆற்றை மேலேயே, பூண்டியில் அணை கட்டித் தேக்க வேண்டும் என்று மேயர் பிடிவாதமாக நின்றார். யாரிடம் போய்க் கேட்பது? மந்திரிசபை இல்லை, கவர்னர் ஆர்தர் ஹோப்தான் அரசாங்கம். அதுவும் யுத்த காலம். மந்திரி பதவிகளையே தூக்கி எறிந்த கட்சியின் மேயர், அதே கவர்னரிடம் ஊருக்குத் தண்ணீர் கேட்டு நிற்க வேண்டிய நிலை. வீராப்புப் பேசி ஒதுங்கியிருக்கலாம், கட்சிக்குள் நல்ல பெயர் கிடைத்திருக்கும். அவர் கவர்னரிடம் பேசி, காரியத்தை முடித்துக்கொண்டார். டெல்லியில் அவர் பேசிய எல்லாப் பேச்சையும்விட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

1940 ஆகஸ்ட் 8. பூண்டி அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதே நாளில்தான் வைஸ்ராய் லின்லித்கோ தன் 'ஆகஸ்ட் அறிக்கை'யை வெளியிட்டார். காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. அக்டோபரில் காந்தி தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். மேயராக இருந்தவர் சிறைக்குப் போனார்.

இன்னொரு விசேஷமும் அந்த வருஷம் நடந்தது. 1936-இல் மாகாண காங்கிரஸுக்குச் சத்தியமூர்த்தி தலைவர், காமராஜர் செயலாளர். 1940-இல் காமராஜர் தலைவர், சத்தியமூர்த்தி செயலாளர்! டெல்லி சட்டசபை உறுப்பினராகவும் பட்டணத்து மேயராகவும் இருந்த மனிதர், சீடரின் கீழே வேலை பார்க்கச் சம்மதித்தார். இன்றைய கட்சி அலுவலகங்களில் இப்படி ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

1942 ஆகஸ்டில் அவர் மறுபடி கைதானார். சிறையில் உடல் நொறுங்கி, 1943 மார்ச் 28 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். அணை 1944-இல்தான் திறக்கப்பட்டது. இப்போது 3,231 மில்லியன் கன அடி கொள்ளும் அந்த ஏரிக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர்.

ஆனால் நாம் 1940 டிசம்பருக்குத் திரும்ப வேண்டும். வார்தாவுக்குப் புறப்பட்ட காமராஜரைப் போலீஸ் வழியில் குண்டூரில் மடக்கியது. வேலூர் சிறை. அவர் உள்ளே இருக்கும்போதே, 1941-இல், விருதுநகர் நகரசபை அவரைச் சேர்மனாகத் தேர்ந்தெடுத்துவிட்டது.

விடுதலையாகி வந்தவர் அந்த நாற்காலியில் எத்தனை நாள் உட்கார்ந்தார்?

(அடுத்த வாரம்)