ஒரே பாட்டு, பல அச்சு

இசைத்தட்டின் வரலாற்றில் நாம் வாழும் இந்தக் கொல்கத்தா மாநகருக்குத் தனியிடம் உண்டு. 1902-ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெடெரிக் கெய்ஸ்பர்க் இங்கு வந்து, கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்தார். பாடியது இங்கே, தட்டு அழுத்தப்பெற்றதோ ஜெர்மனியின் ஹானோவர் நகரில். 1908-இல் சியால்டாவில் ஓர் ஆலை எழுந்தது. பின்னர் 1928-இல் டம்டமில் பெரிய ஆலை அமைந்தது. நம் கர்நாடக இசைத்தட்டுகள் பலவும் அங்கே உருப்பெற்றே தமிழகம் சென்றன.

ஒரே பாட்டு வெவ்வேறு நாடுகளில் தட்டாக அழுத்தப்படும்போது, அது ஒரே பாட்டாகவே இருக்கிறதா? பொறி செய்யும் வேலையில் வேறுபாடு ஏது என்று நாம் எண்ணலாம். ஆனால் உண்மை வேறு. இதற்கு இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினருடைய தட்டுகளைக் காட்டிலும் தக்க சான்று இல்லை.

முதலில் தட்டு பிறக்கும் விதத்தை அறிதல் வேண்டும். பாடகர் பாடுவது காந்த நாடாவில் பதிவாகிறது. நாடாவின் ஒலியை ஒரு பொறி, மென்பூச்சு ஏற்றிய தட்டில் வரிப்பள்ளமாக வெட்டுகிறது. லண்டன் ஆபி ரோடு நிலையத்தில் பீட்டில்ஸ் தட்டுகள் பலவற்றை வெட்டியவர் ஹாரி மாஸ் என்பவர். வெட்டிய தட்டின்மேல் நிக்கல் படியவைத்து உரித்தெடுத்தால், பள்ளம் மேடாக மாறிய உலோகத் தகடு கிட்டும். அதற்குத் ‘தந்தை’ என்று பெயர். தந்தையிலிருந்து ‘தாய்’, தாயிலிருந்து அச்சு. அந்த அச்சே வினைலை அழுத்தித் தட்டாக்குகிறது. அச்சு தேயத் தேய ஒலியின் கூர்மை மங்கும்.

ஆகவே எத்தனையாவது அச்சு என்பதை ஆலையினர் தட்டிலேயே பொறித்து வைத்தனர். இங்கிலாந்தின் ஹேய்ஸ் ஆலையில் இதற்கொரு சங்கேதம் இருந்தது. ‘கிராமபோன் லிமிடெட்’ என்னும் கம்பெனிப் பெயரிலிருந்து பத்து ஆங்கில எழுத்துகளை எடுத்து எண்களாக்கினர். ஜி என்றால் ஒன்று, ஆர் என்றால் இரண்டு, இறுதி எழுத்தான டி சுழியம். தட்டின் நடுச்சீட்டை ஒட்டிய மழமழப்பான பகுதியில் ‘ஜி’ என்ற ஒற்றை எழுத்து இருந்தால், அது முதல் அச்சின் பிள்ளை. இன்றும் சேகரிப்போர் அந்த எழுத்தைத் தேடியே அலைகின்றனர்.

இனி அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே இப்பாடல்களை வெளியிட்ட கேப்பிட்டல் கம்பெனி, 1955 முதல் லண்டன் இ.எம்.ஐ. நிறுவனத்துக்கே உரியது. செல்வமும் நல்ல பொறிகளும் அதனிடம் நிறைய இருந்தன. ஆயினும் வந்த பாட்டை வந்தபடியே வெளியிட அதற்கு மனமில்லை. 1965-இல் வெளிவந்த ‘ரப்பர் சோல்’ தட்டில் இங்கிலாந்துப் பதிப்பு 14 பாடல்களைக் கொண்டது. அமெரிக்கப் பதிப்பில் நான்கை நீக்கி, வேறொரு தட்டின் இரண்டைச் சேர்த்து, 12 ஆக்கினர். மறு ஆண்டு ‘ரிவால்வர்’ தட்டின் 14 பாடல்கள் 11 ஆயின. நீக்கிய மூன்றும் முதன்மையாக ஜான் லெனன் இயற்றியவை. எனவே அவருடைய பங்கு அந்நாட்டில் மிகச் சுருங்கி ஒலித்தது. எஞ்சியவற்றைத் திரட்டிப் புதிய தட்டுகள் விற்றனர். டேவ் டெக்ஸ்டர் என்ற அலுவலர் சில பாடல்களுக்கு எதிரொலியையும் கூட்டினார். ஒற்றைத்தட ஒலியைப் பிரித்து இருதட ஒலிபோல் காட்டும் தந்திரமும் நடந்தது. 1967-இல் ‘சார்ஜென்ட் பெப்பர்’ வந்தபோதுதான் இரு நாட்டுப் பாடல் வரிசையும் ஒன்றாயின. அப்போதும், இங்கிலாந்துத் தட்டின் கடைசி வரிப்பள்ளத்தில் இருந்த வேடிக்கைக் குரல்கள் அமெரிக்கத் தட்டில் இடம்பெறவில்லை.

ஜப்பானியர் வழி வேறு. அவர்களுடைய வினைல் மிகத் தூயது. முள் ஓடும் இரைச்சலே கேளாது. ஆனால் அங்குப் பல தட்டுகள் நாடாவின் நகலிலிருந்தே வெட்டப்பட்டன. பாத்திரம் பொன், பாலிலோ சிறிது நீர்.

நம் டம்டம் தட்டுகளின் நிலை இதற்கு நேர்மாறு. மூலப்பொருள் எப்போதும் உயர்ந்ததன்று. பல தட்டுகளில் சரசரவென்னும் ஓசை உண்டு. ஆயினும் அவை பெரும்பாலும் இங்கிலாந்துப் பாடல் வரிசையையே பின்பற்றின. லண்டனில் வெட்டிய மூலத்தின் வழிவந்த உலோக அச்சுகளாலேயே பல அழுத்தப்பெற்றன. அதனால் இரைச்சலுக்கு அப்பால் கேட்கத் தெரிந்தவர்க்கு ஆபி ரோட்டின் வெட்டு அப்படியே கிடைக்கும். இன்னொரு புதுமையும் உண்டு. மேனாட்டில் 78 சுற்றுத் தட்டுகள் வழக்கொழிந்த பின்னும், 1960-களின் நடுப்பகுதி வரை பீட்டில்ஸ் பாட்டு இங்கே அரக்குத் தட்டுகளில் வெளிவந்தது. மின்சாரம் எட்டாத வீடுகளில் சாவி கொடுக்கும் கிராமபோன்கள் இருந்ததே காரணம். சோட்டா நாகபுரிக் காட்டின் அரக்கில் லிவர்பூல் இளைஞரின் குரல்! உலகச் சேகரிப்பாளர் இன்று அவற்றைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர்.

இவற்றையெல்லாம் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். பாட்டைக் கெடுப்பது தொலைவன்று. மூலத்தை விட்டு விலகிய நகலும், தமக்கு ஏற்பக் குறைத்தும் கூட்டியும் மாற்றும் கையுமே அதைக் கெடுக்கின்றன. எளிய பொருளில் அழுத்தினாலும் நல்ல அச்சு தன் குரலைக் காக்கும். பிறந்த மண்ணினின்று பல நூறு கல் தொலைவில் மக்களை வளர்க்கும் நமக்கு இது ஆறுதலும் தரும், எச்சரிக்கையும் தரும். அவர்கள் பேசும் தமிழில் வங்காளத்தின் சரசரப்பு சிறிது கேட்கலாம், அதனால் குற்றமில்லை. ‘இது கடினம், இது வேண்டா’ என்று நாமே பாடல்களை நீக்கிவிடாதிருத்தல் வேண்டும்.

நம் காலனி வீடுகளின் பரண்களில் இன்னும் பழைய தட்டுகள் உறங்குகின்றன. பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போடுமுன், வெளிச்சத்தில் சாய்த்து, நடுச்சீட்டின் ஓரத்து எழுத்துகளைச் சற்றே படித்துப் பாருங்கள்.