திருவெலும்பு மூட்டு: ஒரு பெயரின் வரலாறு

பெக்கான் நானாஸ் என்னும் எம் ஊர்ப் பெயரே அன்னாசியைக் குறிப்பதாகும். நாளெல்லாம் குனிந்து காய் வெட்டிச் சுமந்தவர் மாலையில் "இடுப்பு வலிக்கிறது" என்பார். யாழ்ப்பாணத்தாராயின் "நாரி நோகுது" என்பர். ஆனால், இடுப்பில் வலிக்கும் இடம் ஒன்றா, பலவா?

முதுகெலும்பின் அடியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாக இறுகி ஒரே எலும்பாகி நிற்கின்றன. அதன் இருமருங்கும் இடுப்பெலும்புகள் வந்து பொருந்துகின்றன. அவ்வாறு பொருந்தும் இரு மூட்டுகளே ஈண்டு நாம் ஆராய்வன. தொடையெலும்பு பொருந்தும் இடுப்பு மூட்டு வேறு. மேலுடலின் சுமையெல்லாம் இம்மூட்டுகளின் வழியே கால்களுக்கு இறங்குகின்றது. இவை அசைவது ஒருசில பாகை அளவே.

நடுவெலும்பைக் கிரேக்கர் புனித எலும்பு என்றனர். இலத்தீனும் அவ்வாறே பெயர்த்துக்கொண்டது. தமிழில் வழங்கும் திருவெலும்பு என்னும் கலைச்சொல்லும் அப்பொருளையே தாங்கி நிற்கின்றது. வடமொழி மருத்துவ நூல்கள் இவ்விடத்தைத் திரிகம் என்றன. மூன்றன் கூட்டம் என்பது பொருள். மூன்று எலும்புகள் கூடுதலின் அப்பெயரும் பொருத்தமே.

1905இல் பாஸ்டன் நகரின் கோல்டுவெயிட், ஆஸ்குட் என்னும் மருத்துவர் இருவர், கீழ் முதுகுவலிக்கு இம்மூட்டும் காரணமாகலாம் என்று அவ்வூர் மருத்துவ இதழில் எழுதினர். அதன்பின் கீழ் முதுகில் எவ்வலி தோன்றினும் பழி இம்மூட்டின் மேலேயே விழுந்தது. 1934இல் மிக்ஸ்டர், பார் என்போர் முள்ளெலும்புகளின் இடைத்தட்டுப் பிதுங்கலைப் பற்றி எழுதினர். அஃது வெளிவந்ததும் பெயர் மாறியிருந்த அதே இதழிலேதான்! உடனே பழி தட்டின்மேற் சென்றது, மூட்டோ மறக்கப்பட்டது. 1990களில், கதிர்ப்படத்தின் துணையால் மூட்டினுள் மருந்து செலுத்திச் சோதித்தபோதே உண்மை மீண்டும் தெளிவாயிற்று. நாட்பட்ட கீழ் முதுகுவலியுடையோருள் 100க்கு 15 முதல் 30 பேர்வரை இம்மூட்டினாலேயே துன்புறுகின்றனர் என்பர்.

பேசப்படாத உறுப்பு மருத்துவர் கண்ணுக்கும் மறைந்துவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதனை உணர்ந்தவர்போல உழைத்தவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884). மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அவர், 1850களிலேயே உடற்கூற்று நூலைத் தமிழில் அச்சேற்றினார். உறுப்புதோறும் தமிழ்ப்பெயர் தேடிய அவ்வுழைப்பின் பயன் நம் வகுப்பறையை எட்டியுள்ளதா? இன்றும் முதுகின் அடி முதல் தொடை வரை எல்லாம் நமக்கு "இடுப்பு" தானே!

ஆசிரியர்காள்! இடுப்பின் பின்புறம் இருமருங்கும் உள்ள சிறுகுழிகளைக் காட்டி, அவற்றினடியில் இருப்பது திருவெலும்பு மூட்டு என்று மாணவர்க்குச் சொல்லுங்கள். நாளை அவர்தம் தாயார் மருத்துவர் முன் நிற்கையில், "இடுப்பெல்லாம் வலி" என்று சொல்லித் திரும்பாமல், ஒரு விரலால் இடத்தைச் சுட்டட்டும்.