ராக்கி போனதும் கார்ட்டர் போனதும்

1960 ஏப்ரல் 17, ஈஸ்டர் ஞாயிறு. பேஸ்பால் பருவம் தொடங்க இன்னும் இரண்டே நாள். மெம்ஃபிஸ் நகரில் நடந்த பயிற்சி ஆட்டத்தின் நடுவே, முதல் தளத்தில் நின்றிருந்த ராக்கி கொலாவிட்டோவிடம் மேனேஜர் ஜோ கார்டன் நடந்துவந்து சேதி சொன்னார்: அவர் இனி கிளீவ்லாந்து இண்டியன்ஸ் வீரர் இல்லை, டெட்ராய்ட் அணிக்குப் போய்விட்டார்.

முந்தைய ஆண்டில்தான் கொலாவிட்டோ 42 ஹோம் ரன் அடித்திருந்தார். அவர் மட்டை பிடிக்கும் தோரணையை கிளீவ்லாந்துச் சிறுவர்கள் தெருவில் ஆடிக் காட்டுவார்கள். அவருக்கு ஈடாக வந்த ஹார்வி குவென் நல்ல ஆட்டக்காரர்தான், 1959ல் .353 பேட்டிங் சராசரியுடன் லீகில் முதலிடம் பிடித்தவர். ஆனால் வயது 29. ஒரே பருவம் ஆடினார், அவரும் வேறு அணிக்கு அனுப்பப்பட்டார்.

'டிரேட்' என்பது அமெரிக்க பேஸ்பாலின் பழைய பண்டமாற்று. வீரரின் ஒப்பந்தம் ஓர் அணியிடமிருந்து இன்னோர் அணிக்குக் கைமாறும். அந்தக் காலத்தில் வீரரின் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. கிளீவ்லாந்தின் பொது மேலாளர் ஃபிராங்க் லேனுக்கு இது ஒரு தணியாத தாகம். 'டிரேடர்' லேன் என்றே பெயர். ரோஜர் மாரிஸை 1958ல் கேன்சஸ் சிட்டிக்கு அனுப்பினார். மூன்றே ஆண்டில் மாரிஸ் நியூயார்க் யாங்கீஸுக்காக 61 ஹோம் ரன் அடித்துச் சாதனை படைத்தார். 1960 ஆகஸ்டில் லேன் தன் மேனேஜரையே டெட்ராய்ட் மேனேஜருக்கு மாற்றிக்கொண்டார்.

தவறைத் திருத்தப் போய் அணி இன்னொரு தவறு செய்தது. 1965ல் கொலாவிட்டோவைத் திரும்ப அழைத்துவர, டாமி ஜான், டாமி ஏகி என்ற இரண்டு இளைஞர்களை விட்டுக்கொடுத்தது. ஏகி மறு ஆண்டே சிறந்த புதுமுகம் விருது பெற்றார். ஜான் ஓய்வு பெறும்போது பிட்சராக 288 வெற்றிகள் அவர் கணக்கில் இருந்தன.

ஊரார் இதை 'கொலாவிட்டோ சாபம்' என்றார்கள். சாபமில்லை. அணியை வாங்கியவர்களிடம் அதை நடத்தப் பணம் போதவில்லை. வேறு ஊருக்கு அணியைக் கொண்டுபோகும் பேச்சு அடிக்கடி எழுந்தது. அடுத்த வாரத்து டிக்கெட் விற்பனைக்காக ஆளை விற்பதும் வாங்குவதுமாக ஆண்டுகள் கழிந்தன. ஈரி ஏரிக்கரையில் 1931ல் திறந்த மைதானத்தில் எழுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். 1985 பருவம் முழுவதற்கும் சேர்த்தே ஏழு லட்சம் பேர் வரவில்லை. காலி இருக்கைகளுக்கு நடுவே, 1973 முதல் ஜான் ஆடம்ஸ் என்ற ரசிகர் தன் பெரிய முரசைத் தட்டிக்கொண்டிருந்தார்.

1986 முடிவில் ரிச்சர்ட் ஜேக்கப்ஸ், டேவிட் ஜேக்கப்ஸ் சகோதரர்கள் அணியை வாங்கினார்கள். வணிக வளாகங்கள் கட்டிப் பணம் சேர்த்தவர்கள். கட்டடம் எழும்பும்வரை காத்திருக்கத் தெரிந்தவர்கள். 1987ல் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் அட்டைப்படம் போட்டு இந்த அணியை லீகிலேயே சிறந்தது என்று கணித்தது. அணி 101 ஆட்டங்களில் தோற்றது. பெரிய பெயர்களை வாங்கிக் குவித்து ரசிகர்களைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். ஜேக்கப்ஸ் சகோதரர்களோ, பால்டிமோரில் அனுபவம் பெற்ற ஹாங்க் பீட்டர்ஸை வரவழைத்து, இளைஞர்களைத் தேடுவதிலும் சிறு லீக் அணிகளில் வளர்ப்பதிலும் செலவழிக்க விட்டார்கள்.

1989 டிசம்பரில் கொலாவிட்டோ கதை திரும்பவும் நடப்பதுபோல் தெரிந்தது. அணியின் நட்சத்திரம் ஜோ கார்ட்டர், 1986ல் 121 ரன்களுக்கு வழிசெய்து லீகிலேயே முதலிடம் பிடித்தவர், சான் டியேகோவுக்கு அனுப்பப்பட்டார். இம்முறை வந்தவர்கள் வேறு மாதிரி. 23 வயது கேட்சர் சாண்டி அலோமார் ஜூனியர், 21 வயது கார்லோஸ் பேயர்கா, கூடவே கிறிஸ் ஜேம்ஸ். கார்ட்டர் எப்படியும் விரைவில் ஒப்பந்தம் முடிந்து போகக்கூடியவர். மதிப்பு இருக்கும்போதே அதை எதிர்காலமாக மாற்றிக்கொண்டார்கள். அலோமார் 1990ல் சிறந்த புதுமுகமானார். பேயர்கா 1992, 1993 இரண்டு ஆண்டுகளிலும் குறைந்தது 200 ஹிட், 20 ஹோம் ரன் இரண்டையும் எட்டினார்.

பலன் உடனே வரவில்லை. 1991ல் 105 தோல்வி, அணியின் வரலாற்றிலேயே மிக அதிகம். அந்த வீழ்ச்சியிலும் உரிமையாளர்கள் பதறவில்லை என்பதே இந்தக் கதையின் முக்கியமான இடம். அவ்வாண்டு டிசம்பரில், பீட்டர்ஸுக்குப் பின் பொது மேலாளராக வந்த ஜான் ஹார்ட், ஹூஸ்டனிடமிருந்து கென்னி லோஃப்டனைப் பெற்றார். லோஃப்டன் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் லீகில் அதிகத் தளங்களைத் திருடினார்.

ஹார்ட்டின் பெரிய யோசனை டிரேடுக்கு வெளியே இருந்தது. பேஸ்பாலில் இளம் வீரருக்கு முதல் சில ஆண்டுகள் சொற்பச் சம்பளம். பிறகு நடுவர் தீர்ப்பில் சம்பளம் ஏறும். ஆறு ஆண்டு முடிந்தால் விரும்பிய அணிக்குப் போகலாம். ஹார்ட் 1992ல் அலோமார், பேயர்கா, பிட்சர் சார்ல்ஸ் நேகி போன்றவர்களுக்கு அவசியம் வருமுன்பே பல ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தார். வீரருக்கு நிச்சயமான வருமானம், அணிக்கு முன்கூட்டியே தெரிந்த செலவு. சேர்ந்து வளர்ந்தவர்கள் சேர்ந்தே இருக்க முடிந்தது. இன்று ஏறத்தாழ எல்லா அணிகளும் இதைச் செய்கின்றன.

1993 மார்ச் 22 அன்று ஃபுளோரிடாவில் நடந்த ஏரிப் படகு விபத்தில் அணியின் பிட்சர்கள் ஸ்டீவ் ஒலினும் டிம் க்ரூஸும் இறந்தார்கள். உடனிருந்த பாப் ஓஹேடா படுகாயமடைந்தார். எந்தத் திட்டத்திலும் இதற்கு இடம் இருந்திருக்க முடியாது.

புதிய மைதானம் 1994 ஏப்ரலில் திறந்தது. மதுவுக்கும் சிகரெட்டுக்கும் கூடுதல் வரி போட்டு அதைக் கட்டலாம் என்று 1990ல் மாவட்ட மக்கள் வாக்களித்திருந்தார்கள், எதிர்த்தவர்களும் குறைவில்லை. பணக்கார உரிமையாளருக்கு ஊர்ப்பணத்தில் மைதானமா என்ற அவர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் மக்கள் வந்தார்கள். 1995 ஜூன் முதல் 2001 ஏப்ரல் வரை தொடர்ந்து 455 ஆட்டங்களுக்கு டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் மட்டும் கைகூடவில்லை: 1995ல் அட்லாண்டாவிடமும், 1997ல் ஃபுளோரிடாவிடம் ஏழாவது ஆட்டத்தின் பதினோராவது இன்னிங்ஸிலும் தோல்வி. 2000ல் லாரி டோலனுக்கு அணி 32.3 கோடி டாலருக்குக் கைமாறியது.

அலை திரும்பிய 1995ல், 144 ஆட்டங்களில் 100 வெற்றி. தங்கள் பிரிவில் இரண்டாம் இடத்து அணியை 30 ஆட்டங்கள் பின்தள்ளி முதலிடம். 1954க்குப் பிறகு 41 ஆண்டுகளில் பருவத்துக்குப் பிந்தைய சுற்றுக்கு அணி நுழைந்தது அப்போதுதான். அந்த இடம் உறுதியான செப்டம்பர் 8 இரவு, வெற்றிக் கொடி ஏறும்போது மேனேஜர் மைக் ஹார்க்ரோவ் ஒரு பாட்டைப் போடச் சொல்லியிருந்தார். ஒலினுக்குப் பிடித்த பாட்டு அது. கொண்டாட வந்த கூட்டத்தின் முன்னால் வீரர்கள் நின்று அதைக் கேட்டார்கள்.